துருவுக்குள்ளே ஒரு பேட்டரி!



"இரும்பு பிடிச்ச கையும் சிரங்கு பிடிச்ச கையும் சும்மா இருக்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் சொல்கிறேன், நம்ம ஊரில் இரும்பே சும்மா இருக்காது! மதுரையில் இருக்கும் என் சித்தப்பா பையனுக்கும் எனக்கும் ஒரே வருஷம்தான் அரசு சைக்கிள் கொடுத்தது. அவன் சைக்கிள் இன்னும் மாப்பிள்ளை மாதிரி இருக்கு. என் சைக்கிளுக்கோ ஆறே மாதத்தில் கிழவன் தோற்றம். செயின், ஸ்போக்ஸ், கேரியர் எல்லாம் காவி கட்டிவிட்டன. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "உப்புக் காத்துடா!"

சரி, உப்புக் காற்று என்ன பண்ணுகிறது? உப்பு இரும்பைத் தின்கிறதா? பல் இருக்கிறதா அதற்கு? பன்னிரண்டாம் வகுப்பு மின்வேதியியல் பாடம் படித்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கீழ் வகுப்புத் தம்பி தங்கைகளுக்கும் புரியும்படி எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் உங்கள் எல்லோருக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

தாய்வீடு போகும் இரும்பு

இரும்பு பூமியிலிருந்து இரும்பாகவே கிடைப்பதில்லை. ஹேமடைட் போன்ற தாதுவாகக் கிடைக்கிறது. அதில் இரும்பும் ஆக்ஸிஜனும் கைகோத்து உட்கார்ந்திருக்கும். ஊதுலையில் கரி போட்டு, பெருஞ்சூட்டில் அந்த ஆக்ஸிஜனைப் பிரித்து எடுத்தால்தான் இரும்பு கிடைக்கும். அதாவது நாம் பலவந்தமாகப் பிரித்துக் கூட்டி வந்திருக்கிறோம். கதவைத் திறந்து வைத்தால் இரும்பு தாய்வீட்டுக்கே ஓடிவிடும். துரு என்பது நீரேறிய இரும்பு ஆக்ஸைடு. கிட்டத்தட்ட பழைய தாதுவேதான்.

கதவைத் திறந்து விடுபவர்கள் இரண்டு பேர்: தண்ணீர், ஆக்ஸிஜன். எட்டாம் வகுப்பில் மூன்று சோதனைக் குழாயில் ஆணி போட்டுப் பார்த்தது ஞாபகம் இருக்கா? காற்று மட்டும் இருந்தால் துரு இல்லை. காய்ச்சி ஆறவைத்து மேலே எண்ணெய் ஊற்றிய தண்ணீரிலும் துரு இல்லை. இரண்டும் சேர்ந்த குழாயில் மட்டும்தான் ஆணி பழுப்பானது. ஆனால் 'ஏன்' என்று அப்போது நாம் கேட்கவில்லை. இப்போது கேட்போம்.

ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு முழு பேட்டரி

இரும்பின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை: ஒரு இரும்பு அணு தன்னுடைய இரண்டு எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, தான் மட்டும் இரும்பு அயனியாகத் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. இது ஆக்ஸிஜனேற்றம். இது நடக்கும் இடம் ஆனோடு.

இரண்டாம் வேலை: அப்படி விட்ட எலக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே ஓடி இன்னொரு இடத்துக்குப் போகின்றன. அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் காத்திருக்கிறது. ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறு, நான்கு எலக்ட்ரான் சேர்ந்தால் நான்கு ஹைட்ராக்சைடு அயனி. இது ஒடுக்கம். இந்த இடம் கேத்தோடு.

கணக்குப் பாருங்கள். ஒரு இரும்பு அணு கொடுப்பது இரண்டு எலக்ட்ரான். ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறு கேட்பது நான்கு. ஆகவே ஒரு ஆக்ஸிஜனுக்கு இரண்டு இரும்பு அணுக்கள் காலி!

நேர்மின்முனை, எதிர்மின்முனை என்று பாடத்தில் படிக்கும்போது யார் நேர், யார் எதிர் என்று குழப்பமாக இருக்கும். எங்கள் வேதியியல் டீச்சர் சொல்லித் தந்த வழி சுலபம்: "எலக்ட்ரானை இழக்கிற இடம் ஆனோடு, வாங்குற இடம் கேத்தோடு. அதை மட்டும் பிடிச்சுக்கோங்க."

டார்ச் லைட் பேட்டரியிலும் இதேதான் நடக்கிறது. அதிலே ஒரு முனையில் உலோகம் எலக்ட்ரானை இழக்கும், மறுமுனையில் வேறொன்று வாங்கும், நடுவே பல்பு எரியும். துருவில் பல்பு கிடையாது. இரும்பே கம்பியாகவும் இருக்கிறது, கரைகிற முனையாகவும் இருக்கிறது. அதாவது ஷார்ட் ஆன பேட்டரி! நமக்கு வெளிச்சமும் இல்லை, இரும்பும் இல்லை.

கரைந்த இரும்பு அயனியும் ஹைட்ராக்சைடும் தண்ணீரில் சந்தித்து, இன்னும் கொஞ்சம் ஆக்ஸிஜன் வாங்கி, பழுப்பு நிறத் துருவாகப் படிகின்றன. இங்கேதான் முக்கியமான விஷயம். இரும்பு கரைவது ஓரிடம், துரு படிவது வேறிடம். துரு தெரிகிற இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்!

அப்போ உப்புக்கு என்ன வேலை? சுத்தமான தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உப்புக் கரைந்தால் அயனிகள் நிறைந்து நன்றாகக் கடத்தும். ஷார்ட் ஆன பேட்டரிக்கு நல்ல வழி போட்டுக் கொடுத்த மாதிரி. அது மட்டும் இல்லை. இரும்பின் மேல் இருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு அயனி உடைத்துவிடும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமும் உப்புக்கு உண்டு. மழையே பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த சைக்கிள் விடியற்காலையில் ஈரமாகத்தான் இருக்கும். உப்பு தின்பதில்லை நண்பர்களே, பந்தி பரிமாறுகிறது!

கண்ணாலே பார்க்கலாம்

இதை நேரில் காட்டும் ஒரு அழகான சோதனை உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அரிமானத்தைப் பற்றியே வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த யூ.ஆர். எவான்ஸ் என்ற விஞ்ஞானியின் பெயரால் 'எவான்ஸ் சொட்டு' என்பார்கள். எங்கள் ஆய்வகத்தில் டீச்சர் முன்னிலையில் செய்து பார்த்தோம்.

உப்புக் கரைசலில் சில சொட்டு பினால்ஃப்தலீனும், சிறிதளவு பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு கரைசலும் கலந்தோம். நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு பெரிய சொட்டு வைத்தோம். இரும்பு கரைகிற இடத்தில் நீலம் வரும். ஹைட்ராக்சைடு உண்டாகிற இடத்தில் இளஞ்சிவப்பு வரும்.

முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சொட்டின் நடுவே நீலம், ஓரம் முழுக்க ரோஜா நிற வளையம்! இன்னும் விட்டுவைத்தால் இரண்டுக்கும் நடுவே பழுப்புத் துரு வளையம் கட்டும். (கவனிக்க: இந்தச் சோதனையை வீட்டில் செய்யக்கூடாது. ஃபெர்ரிசயனைடு பக்கத்தில் அமிலத்தைக் கொண்டு போகவே கூடாது. ஆசிரியர் இருக்கும்போது மட்டும்தான்.)

ஏன் நடுவில் நீலம்? ஓரத்தில் சொட்டு மெல்லியதாக இருக்கும். காற்றிலிருந்து ஆக்ஸிஜன் சுலபமாக உள்ளே போகும். அதனால் ஓரம் கேத்தோடு ஆகிவிடுகிறது. நடுவில் இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துபோனால் மறுபடி வந்து சேர நேரமாகும். அதனால் நடு இடம் ஆனோடு ஆகிறது, கரைகிறது.

கேட்டீர்களா கூத்தை! ஆக்ஸிஜன் அதிகமாக இருக்கும் இடம் தப்பித்துக்கொள்கிறது. ஆக்ஸிஜன் குறைந்த இடம் மாட்டிக்கொள்கிறது. சைக்கிளில் சேறு ஒட்டிய இடம், நட்டுக்கு அடியில் இருக்கும் இடுக்கு, பெயின்ட் உப்பியிருக்கும் இடம், ஈரத்துணி சுற்றி வைத்த கம்பி எல்லாம் உள்ளே அரிப்பது இதனால்தான்.

நம் மைதானத்துக் கம்பம்

இப்போது நம் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். வாலிபால் கம்பங்களைப் பாருங்கள். மேலே பச்சை பெயின்ட் பளபள. ஆறாம் வகுப்புத் தம்பிகள் இன்டர்வெல் விட்டதும் ஓடிப்போய் அதில் தொங்குவார்கள். போன மாதம் நானும் என் நண்பனும் அடியிலே மண்ணைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தோம். மண் மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே பைப் ஓட்டை! சாவிக் கொத்தால் தட்டினால் பொரிமாதிரி உதிர்கிறது.

ஏன் அந்த இடத்தில் மட்டும்? எவான்ஸ் சொட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கு மேலே காற்று தாராளம், ஆனால் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ரொம்ப ஆழத்தில் ஈரம் உண்டு, ஆக்ஸிஜன் மிகக் குறைவு. மண் மட்டத்தை ஒட்டிய இடத்தில்தான் ஈரமும் நிற்கிறது, காற்று கிடைக்கும் பகுதியும் பக்கத்திலேயே இருக்கிறது. மட்டத்தில் இருக்கும் பகுதி கேத்தோடு, அதற்குச் சற்றே கீழே ஆனோடு. பெயின்ட் அடிக்கும்போதோ மண்ணுக்கு மேலே மட்டும்தான் அடிப்பார்கள்! நடுக்கடலில் நிற்கும் தூண்களுக்கும் இதே கதைதான். முழுக்க மூழ்கிய பகுதியைவிட, அலை தெறித்துத் தெறித்துக் காயும் பகுதிதான் வேகமாக அரிக்கும்.

பி.இ.டி. சாரிடம் சொன்னோம். உடனே வந்து பார்த்துவிட்டு, கயிறு கட்டி யாரையும் கிட்டே விடாமல் செய்துவிட்டார். புதுக் கம்பம் வரும்வரை தயவு செய்து யாரும் கயிற்றைத் தாண்டாதீர்கள். தம்பிகளா, உங்களுக்குத்தான்!

அப்பத்தா வீட்டு கூரை

அடுத்தது இன்னும் முக்கியமானது. இந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும் பிரச்சினை. கான்கிரீட் கூரையில் கம்பி போகிற வழியிலேயே நீளமாக ஒரு வெடிப்பு வரும். பிறகு பழுப்புக் கறை. ஒருநாள் காரை பெயர்ந்து பொத்தென்று விழும். என் அப்பத்தா வீட்டில் சன்ஷேடு அப்படித்தான் விழுந்தது. நல்லவேளை, அப்பத்தா அப்போது அங்கே கருவாடு காயவைத்துக் கொண்டிருக்கவில்லை.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்குக் காற்றும் மழையும் நேரடியாகப் படாதே, பிறகு எப்படித் துரு? நல்ல கான்கிரீட் உண்மையில் கம்பிக்கு ஒரு கவசம். சிமெண்ட் காரத்தன்மை கொண்டது. பி.எச். மதிப்பு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்ஸைடு படலம் உண்டாகி அதைக் காப்பாற்றும். இரண்டு எதிரிகள் இந்தப் படலத்தை உடைப்பார்கள். ஒன்று குளோரைடு. கடல் மணலோ உப்புத் தண்ணீரோ கலந்து கட்டினால் எதிரியை நாமே வீட்டுக்குள் கூட்டி வந்த மாதிரி. இன்னொன்று காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு. மெதுவாக உள்ளே ஊறி, பி.எச். மதிப்பை 9-க்கும் கீழே இறக்கிவிடும்.

படலம் உடைந்ததும் பேட்டரி ஆரம்பம். துருவின் கன அளவு கரைந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை. உள்ளே இடம் ஏது? கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது.

இதற்குத்தான் கம்பிக்கு வெளியே போதுமான கனத்தில் கான்கிரீட் இருக்க வேண்டும். கொத்தனார்கள் 'கவரிங்' என்பார்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 (2000-ஆம் ஆண்டுப் பதிப்பு), சாதாரண சூழலுக்கு 20 மில்லிமீட்டர், கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் என்று சொல்கிறது. அலைச்சாரல் படும் இடத்துக்கு 50. அப்பத்தா வீட்டில் விழுந்த துண்டை ஸ்கேல் வைத்து அளந்தேன். 15 மில்லிமீட்டர்கூட இல்லை.

சரி, விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசிவிட்டால் போதாதா? எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். மறுவருஷம் அதே இடத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும்! "கொத்தனார் சரியில்லை" என்போம். உண்மையில் என்ன நடக்கிறது தெரியுமா? அரித்துக்கொண்டிருந்த இடம் ஆனோடாக இருந்து, பக்கத்துக் கம்பியை எல்லாம் தன்னை அறியாமலே காப்பாற்றிக்கொண்டிருந்தது. அங்கே புதுச் சிமெண்ட் பூசியதும் அது கேத்தோடு ஆகிவிட்டது. பக்கத்தில் பழைய உப்புக் கான்கிரீட்டில் இருக்கும் கம்பி புது ஆனோடு! பூச்சு வேலையால் பேட்டரி நிற்கவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதனால் உப்பேறிய கான்கிரீட்டை நல்ல இடம் வரும்வரை கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கமும் சேர்த்துத் துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் வேறு கம்பி சேர்த்துத்தான் பழுது பார்க்க வேண்டும். இது இன்ஜினியரைக் கேட்டுச் செய்யும் வேலை.

தன்னைக் கொடுத்துக் காக்கும் துத்தநாகம்

எல்லாம் சோகமாகவே இருக்கே என்று நினைக்காதீர்கள். பேட்டரி என்று தெரிந்துவிட்டால் அதை ஏமாற்றவும் தெரியும்!

எலக்ட்ரானை இழக்கும் ஆசை எல்லா உலோகத்துக்கும் ஒன்றல்ல. திட்ட ஒடுக்க மின்னழுத்தம் துத்தநாகத்துக்கு -0.76 வோல்ட், இரும்புக்கு -0.44, வெள்ளீயத்துக்கு -0.14, செம்புக்கு +0.34. இரண்டு உலோகம் ஒட்டி, ஈரமும் இருந்தால், பட்டியலில் அதிகக் கழித்தல் மதிப்பு உள்ளது பெரும்பாலும் ஆனோடு ஆகிக் கரையும். மற்றது தப்பிக்கும்.

அதனால்தான் துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தாலும் உள்ளே இருக்கும் இரும்பு சீக்கிரம் துருப்பிடிப்பதில்லை. துத்தநாகம் முந்திக்கொண்டு கரையும். வெள்ளீயம் பூசிய டப்பாவில் கீறல் விழுந்தால் தலைகீழ். இரும்பு ஆனோடு ஆகி, பூசாத இரும்பைவிட வேகமாக அந்தக் கீறலில் அரிக்கும்.

இந்த வித்தையை முதலில் கப்பலில் செய்து பார்த்தவர் சர் ஹம்ப்ரி டேவி. 1824-இல் பிரிட்டிஷ் கடற்படையின் மரக்கப்பல்களில் அடித்திருந்த செம்புத் தகடு கடல்நீரில் அரிப்பதைத் தடுக்க, சிறுசிறு துத்தநாக, இரும்புத் துண்டுகளை அதோடு இணைத்தார். செம்பு அரிப்பது நின்றது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், கரையும் செம்புதான் அதுவரை கொட்டலசு போன்ற உயிர்களை விரட்டிக்கொண்டிருந்தது! செம்பு கரையாமல் போனதும் அவை கப்பலில் அப்பிக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிட்டன. திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் டேவியின் யோசனை சாகவில்லை. இன்று இரும்புக் கப்பல்களிலும் கடலடிக் குழாய்களிலும் அதுதான் காவல்.

நம்ம துறைமுகத்துக்குப் போய் விசைப்படகின் சுக்கான் பக்கத்தில் பாருங்கள். ஒரு சாம்பல் நிறக் கட்டி திருகி வைத்திருப்பார்கள். எங்கப்பா படகு இன்ஜின் மெக்கானிக். அவர் சொல்வார்: "ஜிங்க் கட்டி கரைஞ்சா சந்தோஷப்படணும். கரையாம புதுசு மாதிரி இருந்தாத்தான்டா பயப்படணும்." யாராவது தெரியாமல் அதன் மேலும் பெயின்ட் அடித்திருப்பார்கள், அல்லது போல்ட் தளர்ந்து இரும்போடு தொடர்பு விட்டுப் போயிருக்கும். கட்டி பத்திரமாக இருக்கும், படகு கரைந்துகொண்டிருக்கும்! எங்கப்பா பத்தாவதோடு நின்றவர். ஆனால் இந்தப் பாடத்தில் அவருக்கு நூற்றுக்கு நூறு.

உங்களுக்குத் தெரியுமா?

★ எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதில் கலந்துள்ள குரோமியம். அது மேலே மெல்லிய ஆக்ஸைடு படலம் போடும். கீறினாலும் தானே ஆறிவிடும். ஆனால் உப்பு தேங்கி நின்றால் அதிலும் குழிக்குழியாக அரிக்கும்.

★ டெல்லி இரும்புத் தூணுக்கு வயது ஏறக்குறைய 1600. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் உண்டான பாஸ்பேட் படலமே காவல் என்று ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார்.

★ நம் பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேல் உப்புக் காற்றோடு மல்லுக்கட்டிய வீரன்! 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்கா எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

★ இதையெல்லாம் ஆராயவே ஒரு நிறுவனம் நமக்குப் பக்கத்தில் காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-இல் திறக்கப்பட்டது. அரிமானச் சோதனைக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று நம்ம மண்டபம்!

உங்களுக்கு ஒரு வேலை

ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த வேலை இதுதான். இன்று வீட்டுக்குப் போனதும் இந்த நான்கையும் செய்யுங்கள்.

1. கூரையையும் சன்ஷேடையும் நிமிர்ந்து பாருங்கள். கம்பி வாட்டில் வெடிப்போ பழுப்புக் கறையோ இருந்தால் அதன் அடியில் கட்டில், தொட்டில் போடாதீர்கள். அப்பா அம்மாவிடம் உடனே சொல்லுங்கள்.

2. மொட்டை மாடி இரும்பு ஏணி, கைப்பிடி, ஊஞ்சல் கொக்கி இவற்றின் அடிப்பகுதியைப் பாருங்கள். மேலே பெயின்ட் நன்றாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

3. சைக்கிளை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து, பிறகு செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்போடு சேர்த்து எண்ணெய் போட்டால் பயன் குறைவு.

4. யாராவது புது வீடு கட்டினால் கவரிங் எவ்வளவு, மணல் எங்கிருந்து, தண்ணீர் எந்தக் கிணறு என்று கேளுங்கள். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றால் இந்தத் தாளைப் படிக்கச் சொல்லுங்கள்!

பார்த்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதி, இந்தப் பலகைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போடுங்கள். பள்ளிக்குள் எங்காவது பார்த்தால் உடனே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கம்பம் ஒன்று தெரிந்துவிட்டது. தெரியாதது இன்னும் எத்தனையோ!



— பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்